காக்கேசியத் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? முதலில் காகிதத்தைப் பாருங்கள்

என்னிடம் முதலில் வந்து சேர்ந்த ‘காக்கேசியக் கைத்துப்பாக்கி’ காக்கேசியப் பக்கம், அதாவது கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே உள்ள மலைநாட்டுப் பக்கம், எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஏலப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருந்தார்கள், நானும் நம்பினேன். பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது பால்கன் பகுதியில் செய்த ‘எலிவால்’ வகை என்று தெரிந்தது. இரண்டாவது முறை பார்த்தது அசல். ஆனால் பிடியின் முனையில் இருந்த வெள்ளை உருண்டை யானைத் தந்தம், அதற்கான பதிவு இல்லை. ஏலம் என் பெயரில் முடிந்தும் பொருள் கைக்கு வரவில்லை. இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்துதான் மிச்சம். மூன்றாவதாக ஒரு நல்ல துப்பாக்கி அமைந்தது. அதைப் பார்த்து நானே ஒரு பிரதி செய்யப் போய், பூட்டுக்கு (தீப்பொறி எழுப்பும் பொறியமைப்புக்கு) மட்டும் 14 மாதம் காத்திருந்தேன்.

இத்தனை அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸ் பக்கம். ஆகவே கீழே வரும் சட்டமும் கட்டணமும் பிரிட்டனுக்குரியவை (வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் உண்டு). வேறு நாட்டில் இருப்பவர்கள் அடையாளம் காண்பது, பராமரிப்பது பற்றிய பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தை உங்கள் ஊரில் கேளுங்கள்.

1. எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வழி இருக்கிறது. பழைய துப்பாக்கியை வாங்கி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்று. சுடாத பிரதி ஒன்றைச் செய்வது இன்னொன்று. சுடுவது மூன்றாவது. மூன்றுக்கும் காகிதம் வேறு, செலவு வேறு. “இப்போதைக்கு வாங்கி வைப்போம், பிறகு ஒருநாள் சுட்டுப் பார்ப்போம்” என்று இரண்டு தோணியில் கால் வைத்தால் சட்டம் உங்களைச் சுடும் ஆளாகத்தான் பார்க்கும்.

அலமாரி வழிக்கு உரிமம் தேவையில்லை. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தில் 58(2) என்று ஒரு பிரிவு. பழம்பொருள் துப்பாக்கியை வேடிக்கைப் பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருந்தால் விலக்கு. எது பழம்பொருள் என்பதை 2021 மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் தெளிவாக்கின. குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்யப்பட்டிருந்தால் போதும். காக்கேசியத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்பதால் வயதில் சிக்கல் வராது.

கவனிக்க வேண்டிய சொல் ‘வேடிக்கைப் பொருளாகவோ அலங்காரமாகவோ’ என்பதுதான். அதற்கென்று மருந்து வாங்கி வைத்த நிமிடமே அந்த விலக்கு ஆட்டம் காணும். இன்னொன்று: சிறைத் தண்டனை பெற்றவர்களுக்கு இந்த விலக்கு அப்படியே பொருந்தாது. 3 மாதம் முதல் 3 ஆண்டுக்குள் தண்டனை என்றால் வெளியே வந்து 5 ஆண்டு, அதற்கு மேல் என்றால் வாழ்நாள் முழுக்கத் தடை. 2014 முதல் அந்தத் தடை பழம்பொருள் துப்பாக்கிகளுக்கும் சேர்த்துத்தான்.

2. கண்ணைப் பழக்குங்கள்

பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒரு மூன்று மாதம் வெறுமனே பாருங்கள். லீட்ஸில் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. லண்டனில் வாலஸ் கலெக்‌ஷனின் கீழைநாட்டு ஆயுத அறையும் அப்படித்தான். காக்கேசியம் என்று எழுதியிருப்பதன் அருகிலேயே துருக்கி, பாரசீகம், பால்கன் துப்பாக்கிகளையும் பாருங்கள். வேறுபாடு அப்போதுதான் பிடிபடும்.

காக்கேசியக் கைத்துப்பாக்கி ஒல்லியானது. ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குழலைத் தாங்கும் கட்டை மரம்தான், ஆனால் மரம் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய கறுப்புத் தோல் போர்த்தியிருப்பார்கள். பிடி அதிகம் வளையாமல் இறங்கி ஓர் உருண்டையில் முடியும். விரல் வைக்கும் விசை, நாம் படத்தில் பார்க்கும் கொக்கி போல இருக்காது. சின்னக் குமிழ் ஒன்று கீழே தொங்கும். அதைச் சுற்றி காப்பு வளையம் கிடையாது. என்னை ஏமாற்றிய எலிவாலில் அந்த வளையம் இருந்தது. கட்டை முழுக்க உலோகத் தகடு, பிடி எலிவால் போலக் குறுகிப் போயிருந்தது. இரண்டு நிமிடம் பார்க்கத் தெரிந்திருந்தால் எனக்குப் பணம் மிஞ்சியிருக்கும்.

நீளத் துப்பாக்கி என்றால் நாலடி வாக்கில் இருக்கும், குழலுக்குள் வரிப்பள்ளம் வெட்டியிருக்கும், குழலையும் கட்டையையும் சேர்த்து வெள்ளிப் பட்டைகள் பிடித்திருக்கும். தோளில் வைக்கும் அடிக்கட்டை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறுகல். நுனியில் எலும்போ கொம்போ தந்தமோ பதித்திருப்பார்கள்.

பூட்டைத் தனியாகப் பாருங்கள். குதிரை, அதாவது சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கும் உறுப்பு, தகட்டின் வெளிப்புறம் இருக்கும். அதை இயக்கும் பெரிய வில்லும் (ஸ்பிரிங்) வெளியேதான். இந்த அமைப்புக்கு மிக்கெலெட் என்று பெயர். மற்ற ஐரோப்பியத் துப்பாக்கிகளில் இந்த வில் தகட்டுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். ஆனால் மிக்கெலெட் இருந்தாலே காக்கேசியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்பெயின், துருக்கி, பால்கன் எல்லா இடத்திலும் அது உண்டு. குமிழ் விசை, தோல் போர்த்திய கட்டை, உருண்டை முனை, மிக்கெலெட் பூட்டு என நான்கும் சேர்ந்து வந்தால்தான் மேற்கொண்டு பேசலாம்.

நான்கும் இருந்தும் காக்கேசியத்தில் செய்யாதது ஒன்று உண்டு. ரஷ்யாவின் தூலா தொழிற்சாலையில் கொசாக்கு குதிரை வீரர்களுக்காக இதே வடிவத்தில் கைத்துப்பாக்கி செய்தார்கள். அவையும் சேகரிக்கத் தகுந்தவைதான். ஆனால் காக்கேசியத்தின் தாகெஸ்தான் பகுதிக் கிராமத்துக் கைவேலைக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. ரஷ்ய எழுத்து முத்திரையும், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போன்ற சீரும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

3. வெள்ளியைப் பாருங்கள், ஆனால் வெள்ளிக்காக வாங்காதீர்கள்

விலையை ஏற்றுவது வெள்ளி வேலைப்பாடு. தாகெஸ்தானின் குபாச்சி கிராமம் இதற்குப் பேர்போனது. செடிகொடி நகாசைச் செதுக்கி, பள்ளத்தில் கறுப்பு நியெல்லோவை உருக்கி நிரப்புவார்கள். வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்ந்த கலவை அது. குபாச்சியின் பழைய நகாசில் இரண்டு பெயர் தெரிந்துகொள்ளுங்கள். நடுத்தண்டிலிருந்து இருபுறமும் ஒரே மாதிரி கிளை பிரிவது ‘துத்தா’. கொடி அடர்ந்து புதர் போல எங்கும் படர்வது ‘மர்கராய்’.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 10 பவுண்டுக்குள் கிடைக்கும். உண்மையான நியெல்லோ வெள்ளியோடு ஒரே மட்டத்தில் இருக்கும். சாய்த்துப் பார்த்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் உலோகப் பளபளப்பு தெரியும். கறுப்புச் சாயம் பூசியது பள்ளத்தின் அடியில் மந்தமாகக் கிடக்கும், ஓரங்களில் மட்டும் உரிந்திருக்கும். நான் பார்த்த ஒன்றில் சாயம் பூசியவர் விசைக் குமிழின் காம்பிலும் கொஞ்சம் தீற்றிவிட்டிருந்தார்.

வெள்ளியில் 84 என்ற எண் இருந்தால் அது ரஷ்யப் பேரரசின் தர முத்திரை. 96 பங்கில் 84 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 875. முத்திரை இல்லாவிட்டால் போலி என்று பொருளல்ல. மலைக்கிராம வேலைகளில் முத்திரை இல்லாதவை ஏராளம். குழலில் ‘ஹாஜி முஸ்தஃபா’ என்ற முத்திரையைக் காட்டி விலை ஏற்றுவார்கள். நல்ல குழலுக்கான பெயராக அந்த வட்டாரத்தில் அது ஓடியது, அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி நூறு பவுண்டு கூடக் கொடுக்காதீர்கள்.

ஹிஜ்ரி ஆண்டு பொறித்திருந்தால் 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 1250 என்றால் 1834 வாக்கில் வரும். ஆனால் குழல் ஒரு காலம், பூட்டு ஒரு காலம், வெள்ளி இன்னொரு காலம் என்பது இவற்றில் சர்வ சாதாரணம். நல்ல குழல் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும், கட்டை உடைந்தால் மாற்றுவார்கள். அது குறை இல்லை. கடந்த பத்திருபது ஆண்டில் ‘புதுப்பித்து’ வெள்ளி ஏற்றியதைப் பழையது என்று விற்பதுதான் குறை. பட்டைக்கும் தோலுக்கும் இடையே பாருங்கள். பழையது என்றால் அங்கே அழுக்குக் கோடு படிந்திருக்கும், பட்டையின் விளிம்பு தோலில் பதிந்து தடம் போட்டிருக்கும்.

4. தந்தம்: இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்

உருண்டை வெள்ளையாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். 2018-இன் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. யானைத் தந்தம் உள்ள பொருளை விற்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு. உங்களுக்குப் பயன்படும் விலக்கு இது: பொருள் 1947 மார்ச் 3-க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், தந்தம் அதன் பிரிக்க முடியாத பகுதியாக இருக்க வேண்டும், மொத்தக் கன அளவில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். விற்பவர் இணையத்தில் 20 பவுண்டு கட்டிப் பதிவு செய்த பிறகே விற்கலாம்.

10 விழுக்காடு என்றதும் “ஒரு சின்ன உருண்டைதானே” என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விட்டம் 4 செ.மீ. என்றால் உருண்டை சுமார் 33 கன செ.மீ. அப்படியானால் துப்பாக்கி முழுவதும் 330 கன செ.மீ.க்கு மேல் இருந்தாக வேண்டும். ஒல்லியான கைத்துப்பாக்கிக்கு அது விளிம்பில் நிற்கும் கணக்கு. விட்டம் 5 செ.மீ. ஆனால் உருண்டை 65 கன செ.மீ.; அப்போது கைத்துப்பாக்கி தேறுவது கடினம். நீளத் துப்பாக்கியில் இந்தத் தொல்லை குறைவு.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: பதிவு எண் என்ன? “எண் பிறகு அனுப்புகிறோம்” என்றால் பிறகு பணம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். அவர் செய்த பதிவு அந்த விற்பனையோடு முடிந்தது. நாளை நீங்கள் விற்க நினைத்தால் நீங்கள் புதிதாக 20 பவுண்டு கட்டி மறுபடி பதிய வேண்டும். அவருடைய பதிவு விவரம், படங்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் அப்போது வேலை மிச்சம்.

வெள்ளையெல்லாம் யானைத் தந்தம் இல்லை. லென்ஸில் பாருங்கள். குறுக்குவெட்டு முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலை போலத் தெரிந்தால் யானை. கரும்புள்ளிகளும் மயிரிழைக் கீறல் போன்ற துளைகளும் சிதறியிருந்தால் எலும்பு. அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உட்பகுதி மட்டும் கஞ்சி உறைந்தது போலத் திட்டுத்திட்டாக இருந்தால் வால்ரஸ் கொம்புப் பல். காக்கேசியத்தில் அதற்கும் மதிப்பு அதிகம். நீர்யானை, ஸ்பெர்ம் திமிங்கலம், நார்வால், ஓர்கா ஆகிய நான்கின் பல்லையும் 2025 ஜனவரி 28-இலிருந்து இதே சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். உங்கள் கண்ணை மட்டும் நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

5. ஏலத்தில் உண்மையில் எவ்வளவு ஆகும்

நகைக்கடையில் பவுன் விலையைப் பார்த்துவிட்டுப் போனவர் செய்கூலி, சேதாரம் கேட்டு முழிப்பது போலத்தான் இங்கேயும். சுத்தியல் விழும் விலை வேறு, நீங்கள் கட்டும் தொகை வேறு.

1,000 பவுண்டில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனத்தின் கமிஷன் 25 விழுக்காடு என்றால் 250. அந்தக் கமிஷனுக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 விழுக்காடு, 50. இணையத் தளம் வழியாகக் கேட்டிருந்தால் இன்னொரு 3 விழுக்காடும் அதற்கு வாட்டும், 36. ஆக 1,336. இதற்கு மேல் அனுப்பும் செலவு. பல ஏல நிறுவனங்கள் துப்பாக்கியைத் தாங்களே அனுப்புவதில்லை, தனிக் கூரியரிடம் தள்ளிவிடும். எனக்கு 60 பவுண்டு ஆனது. ரயிலில் போய் வாங்கி வந்திருந்தால் பொருளைக் கையில் எடுத்தும் பார்த்திருக்கலாம்.

நான் கவனித்த ஏலங்களில், தோல் கிழிந்து வில் உடைந்த சாதாரணக் கைத்துப்பாக்கிகள் நூற்றுக்கணக்கான பவுண்டில் முடிந்தன. நல்ல நியெல்லோ உள்ளவை ஆயிரங்களுக்குப் போயின. முதல் முறை வாங்குபவருக்கு என் யோசனை: வெள்ளி குறைவாக, பூட்டு முழுமையாக உள்ளதை எடுங்கள். பூட்டில் ஓர் உறுப்பு இல்லாவிட்டால் அதைச் செய்து வாங்கும் செலவு அந்தத் துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும்.

பொருளின் நிலை குறித்த அறிக்கையை ஏலத்துக்கு நான்கைந்து நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். கேட்க வேண்டியவை: இரண்டு பக்கமும் பூட்டின் படம், கட்டையின் அடிப்புறம், குழலின் வாய், விசைக்கு மேலே தோல் தையல், உருண்டை எந்தப் பொருள், குதிரையைப் பாதி தூக்கினாலும் முழுதும் தூக்கினாலும் அங்கேயே நிற்கிறதா. முந்தைய நாள் கேட்டால் பதில் வராது.

ரசீதில் ‘பழைய துப்பாக்கி ஒன்று’ என்று மட்டும் போட்டிருந்தால் திருத்தி வாங்குங்கள். சக்கிமுக்கி வகை, வாய்வழி கெட்டிப்பது, எந்த நூற்றாண்டு, மொத்த நீளம், 58(2) பிரிவின் கீழ் விற்றது ஆகியவை இருக்க வேண்டும். நாளைக்குக் காவல்துறையோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

6. வெளிநாட்டிலிருந்து வாங்குவது

ஜார்ஜியாவின் திபிலிசியில் ட்ரை பிரிட்ஜ் சந்தை என்று ஒன்று இருக்கிறது. குத்துவாளும் கொம்புக் குவளையும் தரையில் விரித்துக் கிடக்கும், ஆசை வரத்தான் செய்யும். பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல அங்கே பாரம்பரியப் பாதுகாப்புக்கான தேசிய முகமையிடம் சான்று வாங்க வேண்டும். கடைக்காரர் “ஒன்றும் கேட்கமாட்டார்கள்” என்பார். விமான நிலையத்தில் கேட்கப்படப் போவது அவரிடம் அல்ல. ரஷ்யாவிலிருந்து வாங்கும் நினைப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நூறு ஆண்டு கடந்த பொருளுக்கு அங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாடு, இங்கே பொருளாதாரத் தடை.

சரி, காகிதம் எல்லாம் ஒழுங்காக வேறு நாட்டிலிருந்து வருகிறது என்றால் ஒரு நல்ல செய்தி. நூறு ஆண்டைத் தாண்டிய பழம்பொருள் சுங்கத் தலைப்பு 9706-இல் வரும். இங்கே சுங்க வரி இல்லை, இறக்குமதி வாட்டும் 20-க்குப் பதில் 5 விழுக்காடுதான். ஆனால் அனுப்புபவர் படிவத்தில் ‘துப்பாக்கி’ என்று மட்டும் எழுதினால் பொருள் கிடங்கில் உட்காரும். தலைப்பு எண்ணையும் வயதையும் அவர் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள், வயதுக்கான சான்றை மேலே ஒட்டச் சொல்லுங்கள். ஒரு முறை அப்படி எழுதாமல் வந்த வெறும் பூட்டு ஒன்று ஐந்து வாரம் கிடந்தது.

ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் தரும் விலக்கு, சரிசெய்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழையதற்குத்தான். உங்கள் துப்பாக்கி சுடும் நிலையில் இருந்தால் அங்கே அது உரிமம் கேட்கும் ஆயுதம். செய்தித்தாளில் ‘நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்’ என்று வருவதும் இதே வாய்வழி கெட்டிக்கும் இனம்தான்.

7. வீட்டுக்கு வந்த முதல் நாள்: கெட்டித்திருக்கிறதா?

சிரிக்காதீர்கள். நூற்றைம்பது ஆண்டாக மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கும் துப்பாக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல தலைமுறை தாண்டியும் பற்றும்.

குழலின் வாயை யார் பக்கமும் திருப்பாமல் மேசையில் வையுங்கள். கல்லைக் கவ்வும் குதிரையைத் தொடாதீர்கள். மெல்லிய மரக்குச்சி ஒன்றை வாய்வழியே மெதுவாக, முட்டும் வரை விடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். வாயின் விளிம்பில் குச்சியில் பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, அதே கோட்டை வாயின் விளிம்போடு சேர்த்துக் குழலின் மேற்புறம் படுக்க வையுங்கள். குச்சியின் முனை பக்கவாட்டில் உள்ள தீத்துளை (மருந்துக்கு நெருப்பு போகும் ஓட்டை) வரை வர வேண்டும். ஓரங்குலம், இரண்டங்குலம் முன்னேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அது கந்தலும் சிலந்திக் கூடுமாக இருக்கும். ஆனால் நீங்கள் தோண்டிப் பார்க்கக் கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேளுங்கள். என் நண்பரின் நீளத் துப்பாக்கியில் குச்சி இரண்டு விரற்கடை முன்னேயே நின்றது. உள்ளே இருந்தது ஈயக் குண்டும், கட்டிதட்டிய மருந்தும்.

8. துடைப்பதில் கை அடக்கம்

இரும்புக்கு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, மெல்லிய பருத்தித் துணி. அவ்வளவுதான். நம் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போல வெள்ளிப் பட்டையைத் தேய்த்துவிடாதீர்கள். முக்கியெடுக்கும் வெள்ளித் திரவம் நியெல்லோவையும் சேர்த்துக் கெடுக்கும். தோலில் எண்ணெய் தடவாதீர்கள். கறுப்பு கரைந்து பட்டைக்கு அடியில் போய் உறையும். கல் இல்லாமல் குதிரையை விழவிட்டு ‘டக்’ என்று சத்தம் கேட்டு ரசிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கு வந்தது. 180 ஆண்டு பழைய வில் இரண்டாவது ‘டக்’கில் இரண்டாகப் போனது. புது வில் அடிக்க 140 பவுண்டு, ஏழு வாரம்.

9. பிரதி செய்வது

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் பேசுவது சுடாத பிரதி. ‘குழல்’ என்பது உள்ளே துளையே இல்லாத இரும்புத் தண்டு.

முதலில் சட்டம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிஜம் போலத் தோன்றும் போலித் துப்பாக்கி செய்வதைத் தடுக்கிறது. ஆனால் 1870-க்கு முந்தைய வடிவமும் இயக்கமும் கொண்டது போலத் தோற்றம் இருந்தால் அந்தத் தடைக்குள் வராது. சக்கிமுக்கி மிக்கெலெட்டுக்கு அந்தக் கவலை இல்லை. துளையிட்ட குழல் என்றால் கதை வேறு. குழல் மட்டுமே தனியாக உரிமம் கேட்கும் உறுப்பு. பூட்டு அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு ஒருநாள் துளைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு இருந்தால், தண்டை வாங்குவதற்கு முன்பே உள்ளூர்க் காவல்துறையின் துப்பாக்கி உரிமப் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள்.

அளவு எடுப்பதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அருங்காட்சியகங்களில் சேமிப்பில் உள்ளதைப் பார்க்க முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்கலாம். எந்தப் பொருள், எதற்கு என்பதைப் பொருள் எண்ணோடு எழுதினால் பதில் சீக்கிரம் வரும். கட்டையின் அகலம், உயரம் இரண்டையும் ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை அளந்து குறியுங்கள். நான் பத்துக்கு ஒருமுறை எடுத்தேன். பூட்டுக்குப் பின்னால் கட்டை திடீரென்று ஒடுங்கும் இடம் இரண்டு அளவுக்கு நடுவே தப்பிவிட்டது. என் முதல் கட்டை உலக்கை மாதிரி வந்தது.

வரிசை முக்கியம். பூட்டு கைக்கு வரும் வரை கட்டையைச் செதுக்காதீர்கள். பூட்டை வார்ப்பாக விற்கிறார்கள். ஆனால் அது கரடுமுரடான உறுப்புகளின் பொட்டலம். அரம் போட்டு, துளையிட்டு, சூடேற்றி விறைப்பாக்கி, இயங்க வைப்பது உங்கள் பாடு. இணையத்தில் போட்ட வாக்குறுதி 12 வாரம், எனக்கு ஆனது 14 மாதம். முழுப்பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். கடன் அட்டையில் கட்டினால் பொருள் வராதபோது வங்கியிடமாவது முறையிடலாம்.

கட்டைக்கு வால்நட் எடுத்தேன். தோல் மேலே வரும் என்பதால் வரி அழகான பலகைக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. வரி நேராக ஓடினால் போதும். தோல் போர்த்துவதில்தான் பாடம் கற்றேன். மெல்லிய ஆட்டுத்தோலை நனைத்து இழுத்து ஒட்டினேன், தையல் அடிப்புறம் நேர்கோடாக வந்தது, ராத்திரி பார்த்துப் பூரித்துத் தூங்கினேன். காலையில் தோல் காய்ந்து சுருங்கி, தையல் வாய்பிளந்து, நடுவில் அரை விரல் அகலத்துக்கு மரம் பல்லைக் காட்டியது. இரண்டாவது முறை தோலை அச்சின் மேல் இழுத்துக் கட்டி இரண்டு நாள் காயவிட்டேன், சுருங்க வேண்டியது சுருங்கியது, அப்புறம் வெட்டி ஒட்டினேன். இன்றுவரை அசையவில்லை.

நியெல்லோவை வீட்டில் உருக்காதீர்கள், ஈயப் புகையும் கந்தகப் புகையும் வரும். பட்டையைச் செதுக்கிக்கொண்டு, அந்த வேலை தெரிந்த வெள்ளிக்கொல்லரிடம் கொடுங்கள். பிரதியைப் பிறகு விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: 7.78 கிராமுக்கு மேல் உள்ள புது வெள்ளியை ‘வெள்ளி’ என்று சொல்லி விற்க ஹால்மார்க் வேண்டும். செதுக்குவதற்கு முன்பே முத்திரைக்கு இடம் யோசித்து வையுங்கள்; பின்னால் நகாசின் நடுவே குத்தினால் மனசு தாங்காது.

என் பிரதிக்கு ஆன செலவு: பூட்டு வார்ப்பு 230, இரும்புத் தண்டு 25, வால்நட் 40, வீணானதையும் சேர்த்துத் தோல் 70, வெள்ளியும் நியெல்லோவும் 310, எலும்பு உருண்டை 35 பவுண்டு. மொத்தம் 710. கருவிகளைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டில் சண்டை வரும்.

10. சுட்டே ஆக வேண்டும் என்றால்

பழைய அசலைச் சுடாதீர்கள் என்பது என் கருத்து. குழலுக்குள் எங்கே துரு அரித்திருக்கிறது என்பது வெடித்த பிறகுதான் தெரியும். புதுக் குழல் என்றால் பர்மிங்காமிலோ லண்டனிலோ உள்ள ப்ரூஃப் ஹவுஸில் (குழலின் வலுவைச் சோதிக்கும் நிலையம்) சோதித்து முத்திரை வாங்க வேண்டும்.

உங்களுக்கான காகிதம் இவ்வளவு: உள்துறை அமைச்சகம் அங்கீகரித்த கிளப்பில் குறைந்தது 3 மாதம் பயிற்சி உறுப்பினராக இருந்து முழு உறுப்பினராவது, ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட் (துப்பாக்கி உரிமம்) விண்ணப்பம், 2025 பிப்ரவரி முதல் கட்டணம் 198 பவுண்டு, 5 ஆண்டுக்குச் செல்லும், உறவினர் அல்லாத இரண்டு பேரின் பரிந்துரை, குடும்ப மருத்துவரின் மருத்துவக் குறிப்பு, அதற்கு அவர் தனியாகக் கட்டணம் கேட்பார், பூட்டிய இரும்பு அலமாரி, காவல்துறையின் வீட்டு வருகை. கரிமருந்து வாங்கவும் வைக்கவும் வெடிபொருள் சான்றிதழ் தனி. இரண்டையும் ஒன்றாக விண்ணப்பியுங்கள், வீட்டுக்கு ஒருமுறைதான் வருவார்கள். மருத்துவக் குறிப்பை முதலில் கேட்டு வாங்கிவிடுங்கள். என் விண்ணப்பம் ஒன்பது மாதம் நகராமல் கிடந்ததில் நான்கு மாதம் அந்த ஒரு தாளுக்காக. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1952 முதல் இயங்கும் மஸில் லோடர்ஸ் அசோசியேஷன் ஆஃப் கிரேட் பிரிட்டன் என்ற வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்கள் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் ஒரு ஞாயிறு போய் நின்று பாருங்கள்.

11. வெளியே எடுத்துப் போகும்போது

பழையதோ பிரதியோ, பொது இடத்தில் நியாயமான காரணமின்றித் துப்பாக்கியையோ போலித் துப்பாக்கியையோ கையில் வைத்திருப்பது குற்றம். காருக்குள்ளிருந்து கண்காட்சி வாசல் வரை இருபதடி நடப்பதும் பொது இடம்தான். மூடிய பெட்டி, ஜிப் போட்ட பை, எதுவானாலும் வடிவம் வெளியே தெரியக் கூடாது. உள்ளே ரசீதின் நகல், எங்கே போகிறீர்கள் என்பதற்கான அழைப்புக் கடிதம், தந்தம் இருந்தால் அது பற்றிய குறிப்பு ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வையுங்கள். நான் கிடார் பையில் வைத்து ரயிலில் கொண்டுபோவேன். ஒருமுறை எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு பாட்டு வாசியுங்களேன் என்று கேட்டுவிட்டார்; கம்பி அறுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.